எரியாத விஸ்கி எது? பிள்ளைச்சாவடியிலிருந்து ஒரு பதில்

(எபிசோடில் பேசியதை வாசிக்கத் தோதாகக் கொஞ்சம் சுருக்கி, திருத்தி எழுத்தாக்கியது.)

போன வாரம் நம்ம இன்பாக்ஸ்ல ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. சென்னையில ஐடி வேலை பார்க்கிற ஒரு தம்பி, 24 வயசு. "அண்ணா, நாங்க நாலு பேரு அடுத்த மாசம் பாண்டி வர்றோம். பீர் குடிச்சா வயிறு உப்புது. விஸ்கி குடிச்சா தொண்டை எரியுது, மூஞ்சி கோணிக்குது. எரியாம, லைட்டா, குடிக்க நல்லா இருக்கிற மாதிரி ஒரு விஸ்கி சொல்லுங்க. பட்ஜெட் பெருசா இல்ல." இதுதான் கேள்வி. ஒரே வரியில ஒரு பிராண்ட் பேரைச் சொல்லி முடிச்சிருக்கலாம். ஆனா அந்த "லைட்டா"ங்கிற ஒரு வார்த்தைக்குள்ள நாலு விஷயம் ஒளிஞ்சிருக்கு. அதைப் பிரிச்சுப் பார்க்காம பேர் சொன்னா, தம்பி காசும் போகும், சில நேரம் அதைவிடப் பெருசாவும் ஏதாவது போகும். அதனால இன்னிக்கு முழு எபிசோடும் இதுதான்.

நான் பேசுறது பிள்ளைச்சாவடியிலருந்து. சென்னையிலருந்து ஈசிஆர்ல பாண்டி வர்றவங்க எல்லாரும் எங்க ஊரைத் தாண்டித்தான் போறீங்க, ஆனா யாரும் கவனிச்சிருக்க மாட்டீங்க. காலாப்பட்டு யுனிவர்சிட்டி தாண்டி, கடல் ஓரமா, அலை வந்து வீட்டைத் தின்னுடாம இருக்க கல் கொட்டி வெச்சிருக்கிற ஒரு மீனவ ஊர். இந்த ஊர் எங்க இருக்குங்கிறதுக்கும் உங்க பாட்டிலுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு, அதைப் பின்னாடி சொல்றேன்.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன். குடிக்காதவங்க யாரும் இதைக் கேட்டுட்டு ஆரம்பிக்க வேண்டிய அவசியம் இல்ல. இவ்வளவு வரைக்கும் குடிச்சா பாதுகாப்புன்னு ஒரு அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில தெளிவாவே சொல்லிடுச்சு. இது ஏற்கெனவே குடிக்கிறதுன்னு முடிவு பண்ணினவங்களுக்கான எபிசோடு. சரி, விஷயத்துக்கு வர்றேன்.

"லைட்"டுன்னு சொல்றப்ப முதல்ல எல்லாரும் பார்க்கிறது கலரை. வெளிறின தங்க நிறத்துல இருந்தா லைட்டு, டீ டிகாக்‌ஷன் மாதிரி கருத்து இருந்தா ஸ்ட்ராங்கு. இதை நம்பாதீங்க. வடிச்சு இறக்குறப்ப எல்லா விஸ்கியும் தண்ணி மாதிரி நிறமில்லாமத்தான் இருக்கும். கலர் பீப்பாயிலருந்து வருது. ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாய்னா கருக்கும், அமெரிக்க போர்பன் இருந்த பீப்பாய்னா மஞ்சளா நிக்கும். அதுமட்டும் இல்ல, ஸ்காட்ச்ல கூட கேரமல் கலர் சேர்க்கச் சட்டத்துல இடம் இருக்கு. ஒவ்வொரு பாட்டிலும் ஒரே கலர்ல இருக்கணும்னு கம்பெனிங்க சேர்க்கிறாங்க. அதனால கண்ணாடிக்குள்ள தெரியற நிறம் அந்த விஸ்கியோட கனத்தைப் பத்தி ஒண்ணுமே சொல்லாது.

ரெண்டாவது, லைட்டுன்னா ஆல்கஹால் கம்மின்னு நினைக்கிறது. இதுதான் இருக்கிறதுலயே ஆபத்தான நினைப்பு. ஸ்காட்ச் எதுவா இருந்தாலும் குறைஞ்சது 40 சதவீதம் ஆல்கஹால் இருந்தே ஆகணும், அது அவங்க சட்டம். நம்ம ஊர்ல அடைக்கிற விஸ்கி பாட்டிலைத் திருப்பிப் பாருங்க, பெரும்பாலும் 42.8 சதவீதம்னு போட்டிருக்கும். இது என்ன இப்படி ஒரு விநோதமான நம்பர்னு தோணும். பிரிட்டிஷ்காரன் காலத்து புரூஃப் கணக்குல 75 டிகிரிங்கிறதை இன்னிக்குச் சதவீதமா மாத்தினா 42.8 வரும், அவ்வளவுதான். அவன் போயிட்டான், கணக்கு போகல. ஆக, வாயில பூ மாதிரி இறங்குற விஸ்கியிலயும் காட்டடி அடிக்கிற விஸ்கியிலயும் போதை ஏறக்குறைய ஒண்ணுதான். இதுக்குத் திரும்பி வருவோம்.

மூணாவது, தம்பி சொன்ன எரிச்சல். எரிச்சல் விஸ்கியோட குணம் இல்ல, ஆல்கஹாலோட குணம். மிளகாயைக் கடிச்சா காரத்தை உணர்ற ஒரு ஏற்பி நம்ம வாயில, தொண்டையில இருக்கு. அது உண்மையில சூட்டை உணர்றதுக்கான ஏற்பி. ஆல்கஹால் அதைச் சீக்கிரம் உசுப்பி விட்டுடும். நம்ம உடம்புச் சூடே அதுக்கு நெருப்பு மாதிரி தெரிய ஆரம்பிக்கும். எந்த பிராண்டை வாங்கினாலும் தண்ணி கலக்காம ஒரே மடக்கா ஊத்தினா எரியத்தான் செய்யும். இதுக்கு மருந்து கடையில இல்ல, தண்ணி கேன்ல இருக்கு.

நாலாவதுதான் நாம பேச வந்தது. ஆங்கிலத்துல பாடின்னு சொல்றாங்க, நாம கனம்னு வெச்சுக்குவோம். வாயில வெச்சா எவ்வளவு அடர்த்தியா, எவ்வளவு நேரம் நிக்குதுங்கிறது. நீர்மோரும் தயிரும் ஒரே பால்லருந்துதான் வருது. ஆனா நாக்குல வெச்சா ரெண்டும் ஒண்ணா? ரசமும் சாம்பாரும் அப்படித்தான். தெளிவா வெச்ச ரசத்துல ருசி கம்மின்னு யாராவது சொல்வாங்களா? லைட் விஸ்கின்னா நீர்மோர், ரசம் மாதிரி. ஒட்டாம ஓடும், ஆனா மணம் இருக்கும். பழ வாசம், பூ வாசம், காய்ஞ்ச புல், கொஞ்சம் தேன், எலுமிச்சைத் தோல், இந்தப் பக்கமா இருக்கும். கனமான விஸ்கியில எண்ணெய்ப்பசை, உலர்திராட்சை, மாமிசம் மாதிரி ஒரு வாசம், சில நேரம் புகை.

இந்த வித்தியாசம் எங்கருந்து வருதுன்னு புரிஞ்சா லேபிளைப் பார்த்தே பாதி சொல்லிடலாம். இட்லி பானையை நினைச்சுக்கோங்க. ஆவி மேல போகுது, மூடியில பட்டு, சொட்டு சொட்டாத் திரும்ப உள்ளயே விழுது. விஸ்கி காய்ச்சுற செம்புப் பானையிலயும் அதேதான் நடக்குது. பானையோட கழுத்து நீளமா இருந்தா, கனமான ஆவியெல்லாம் மேல ஏற முடியாம பாதியிலயே குளிர்ந்து கீழ விழுந்துடும். லேசானது மட்டும் மேல போய் அடுத்த பக்கம் இறங்கும். கழுத்து குட்டையா இருந்தா கனமானதும் சேர்ந்து வந்துடும். ஸ்காட்லாந்துல கிளென்மோரஞ்சிங்கிற ஆலையோட பானைங்கதான் அங்க இருக்கிறதுலயே உயரம். கழுத்து மட்டுமே 5 மீட்டருக்கு மேல. ஒட்டகச்சிவிங்கியைத்தான் அவங்க விளம்பரத்துலயே போடுறாங்க. அவங்க விஸ்கி லேசா, ஆரஞ்சு வாசத்தோட இருக்கிறதுக்கு முக்கியமான காரணம் அந்தக் கழுத்து. அதுக்கு நேரெதிரா மெக்காலன் ஆலை, குட்டைப் பானைங்கதான் எங்க பெருமைன்னு சொல்லும். அது கனம்.

இன்னொரு வழி, எத்தனை தடவை வடிக்கிறாங்கங்கிறது. ஸ்காட்ச் மால்ட் பொதுவா ரெண்டு தடவை. அயர்லாந்துல ஜேமிசன், புஷ்மில்ஸ் மாதிரி பிராண்டுங்க மூணு தடவை. ஸ்காட்லாந்துலயே கிளாஸ்கோ பக்கத்துல ஆக்கன்டோஷன்னு ஒரு ஆலை மூணு தடவை வடிக்குது. ரெண்டு தடவையில ஏறக்குறைய 70 சதவீதத்துல வர்ற சாராயம் அங்க 80 சதவீதத்தைத் தாண்டி வரும். ஒவ்வொரு தடவை வடிக்கிறப்பவும் கனம் கொஞ்சம் கழியும்.

மூணாவது வழி, பானையே வேண்டாம்னு தூண் மாதிரி ஒரு எந்திரத்துல விடாம வடிக்கிறது. இதை 1830-ல காப்புரிமை வாங்கினவர் ஈனியஸ் காஃபி. டப்ளின்காரர், அதுவும் முன்னாடி சாராய வரி வசூல் அதிகாரியா இருந்தவர். ஆயுசு பூரா சாராயம் காய்ச்சுறவங்களைத் துரத்திட்டு, ஓய்வுக்கு அப்புறம் அவங்களுக்கே மெஷின் செஞ்சு கொடுத்திருக்கார். வேடிக்கை என்னன்னா, அவர் ஊர் ஐரிஷ்காரங்க "இதுல ருசியே இல்ல"ன்னு ஒதுக்கிட்டாங்க. ஸ்காட்லாந்துக்காரன் தூக்கிட்டுப் போய், அதுல வர்ற லேசான தானிய விஸ்கியை மால்ட்டோட கலந்து பிளெண்டடு ஸ்காட்ச்னு உலகம் பூரா வித்துட்டான். 1920-லருந்து 1933 வரைக்கும் அமெரிக்காவுல மதுவிலக்கு இருந்த காலம். அந்த ஊர் நாக்குக்கு லேசானதுதான் பிடிக்குதுன்னு பார்த்து லண்டன் வியாபாரிங்க வெளிறின கலர்ல லேசான பிளெண்டுகளை இறக்கினாங்க. 1923-ல வந்த கட்டி சார்க் அப்படி ஒண்ணு. ஜே அண்ட் பி-யும் அதே வகை.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம், ஏன்னா தம்பியோட பட்ஜெட் எனக்கு ஞாபகம் இருக்கு. நம்ம கடையில மலிவா கிடைக்கிற "இந்தியன் விஸ்கி" பெரும்பாலானதுல அடிப்படைச் சரக்கு கரும்பாலைக் கழிவுப் பாகுலருந்து, மொலாசஸ்லருந்து வர்றது. அதைத் தூண் எந்திரத்துல 96 சதவீதம் வரைக்கும் வடிச்சு, வாசமும் ருசியும் இல்லாத சுத்த ஆல்கஹாலா ஆக்குறாங்க. அதோட கொஞ்சம் மால்ட், சிலதுல கொஞ்சம் ஸ்காட்ச், கலர், வாசனை சேர்த்து, தண்ணி விட்டு 42.8-க்கு இறக்கினா விஸ்கி. ஐரோப்பாவுல இதை விஸ்கின்னு பேர் போட்டு விக்க முடியாது. அங்க தானியத்துலருந்து வந்திருக்கணும், மூணு வருஷம் பீப்பாயில இருந்திருக்கணும். மெக்டவல் கம்பெனி 1826-ல நம்ம மெட்ராஸ்ல ஒரு ஸ்காட்லாந்துக்காரர் ஆரம்பிச்ச வியாபாரம்தான், அப்ப கப்பல்ல வந்த சரக்கை வித்தாங்க. 1951-ல அது விட்டல் மல்லையா கைக்கு வந்துச்சு. ஸ்காட்ச் வித்த கடையிலருந்து மொலாசஸ் விஸ்கி வரைக்கும் இந்த நாடு வந்த கதைக்கு ஒரு தனி எபிசோடே போடலாம்.

இதை நான் கேவலமா சொல்லல. ஆனா ஒண்ணு கவனிங்க. "இது ஸ்மூத்தா இருக்கு மச்சி"ன்னு நம்மாளுங்க சொல்ற நிறைய இந்திய விஸ்கி உண்மையிலயே லைட்தான். ஏன் லைட்டுன்னா, உள்ள ஒண்ணும் இல்ல, அதனால லைட். வெறும் சுடுதண்ணியும் லைட்தான், தெளிவா வெச்ச ரசமும் லைட்தான். நான் லைட் விஸ்கின்னு சொல்றது ரெண்டாவதை. அதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி, தண்ணி கலந்து பாருங்க. ஒண்ணுக்கு ஒண்ணு தண்ணி ஊத்தினா நல்ல லைட் விஸ்கி இன்னும் கொஞ்சம் மலரும், பழ வாசம் தூக்கலா வரும். மத்தது வெறும் இனிப்புத் தண்ணியா, எசென்ஸ் வாசத்தோட நிக்கும். இதுக்கு அறிவியல்லயும் ஒரு பேச்சு இருக்கு. 2017-ல ஸ்வீடன்ல கார்ல்சன், ஃப்ரீட்மேன்னு ரெண்டு பேர் கணினி மாடல் போட்டுப் பார்த்தாங்க. விஸ்கிக்குப் புகை வாசம் கொடுக்கிற குவாயகால்ங்கிற பொருள், ஆல்கஹால் கம்மியாகக் கம்மியா மேற்பரப்புக்கு வருதாம். அதாவது நம்ம மூக்குக்குப் பக்கத்துல. தண்ணி ஊத்துறவனைப் பார்த்துச் சிரிக்கிற நண்பர் யாராவது இருந்தா இதைச் சொல்லுங்க.

இந்தியாவுல உண்மையான சிங்கிள் மால்ட்டும் இருக்கு. பெங்களூர் அம்ருத் 2004-ல கிளாஸ்கோவுல போய் அறிமுகமாச்சு, கோவாவுல பால் ஜான், ஹரியானாவுல இந்திரி. நம்ம உணவு பாதுகாப்பு ஆணையத்தோட விதிப்படி சிங்கிள் மால்ட்னு லேபிள்ல போடணும்னா முழுக்க மால்ட் பார்லி, பானையில வடிச்சது, ஒரே ஆலை. அருமையான சரக்கு. ஆனா தம்பி கேட்ட லைட் இது இல்ல. நம்ம வெயில்ல பீப்பாய்க்குள்ள எல்லாம் வேகமா நடக்கும். ஸ்காட்லாந்துல வருஷத்துக்கு 2 சதவீதம் ஆவியாப் போகுதுன்னா பெங்களூர்ல 10 சதவீதத்துக்கு மேல போகும். மரத்தோட சாரம் சீக்கிரமா, அழுத்தமா இறங்கிடும். அதோட நிறைய பாட்டில் 46 சதவீதம். ரெண்டு வருஷம் குடிச்சுப் பழகின நாக்குக்கு அது விருந்து, முதல் தடவைக்கு அடி.

அப்ப பேர் சொல்லுங்கன்னா, என் வரிசை இதுதான். முதல்ல ஜேமிசன் மாதிரி ஒரு ஐரிஷ். மூணு தடவை வடிச்சது, புகை கிடையாது, சோடாவோட நல்லாப் போகும், எரிச்சலுக்குப் பயந்தவங்களுக்கு இதைவிடத் தோதான ஆரம்பம் எனக்குத் தெரியல. அடுத்து ஜே அண்ட் பி மாதிரி லேசான பிளெண்டடு ஸ்காட்ச். கொஞ்சம் காசு சேர்த்து நாலு பேரும் பங்கு போடுறீங்கன்னா கிளென்லிவெட் 12, இல்லன்னா கிளென்மோரஞ்சி ஒரிஜினல். எங்கயாவது கிளென் கிரான்ட் கண்ணுல பட்டா அதையும் விடாதீங்க, உயரமான பானை, ரொம்ப லேசா ஆப்பிள் வாசம். ஒண்ணு கவனிங்க, "இந்தியாவில் பாட்டிலில் அடைக்கப்பட்டது"ன்னு போட்ட ஸ்காட்ச்சைப் பார்த்து டூப்ளிகேட்னு நினைக்காதீங்க. டீச்சர்ஸ், 100 பைப்பர்ஸ் எல்லாம் அப்படித்தான். ஸ்காட்லாந்துலருந்து மொத்தமா வந்து இங்க அடைச்சது, அதனாலதான் விலை கம்மி. முழு பாட்டிலா வர்றதுக்கு 150 சதவீதம் சுங்க வரின்னு வருஷக்கணக்கா இருந்துச்சு. 2025 ஜூலையில கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தத்துல அதை 75 ஆக்கி, பத்து வருஷத்துல 40-க்குக் கொண்டு வர்றதா எழுதியிருக்கு. மாநில வரி அப்படியே இருக்கிறதால, பாட்டில் பாதி விலைக்கு வந்துடும்னு கனவு காண வேண்டாம்.

வாங்குறதுக்கு முன்னாடி ருசி பாருங்க. இதுதான் இந்த எபிசோடுலயே காசு மிச்சம் பண்ணித் தர்ற விஷயம். ஃபுல் வாங்கினா சல்லிசுன்னு நாலு பேரும் 750 வாங்கிட்டு, பிடிக்கலன்னாலும் காசு போட்டுட்டோமேன்னு குடிச்சுத் தீர்க்கிறதை ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்த பீச்ல பார்க்கிறேன். பார்ல உக்காந்து 30 மில்லி இது, 30 மில்லி அது, ரெண்டு கிளாஸ் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ஐஸ் இல்லாம, கொஞ்சம் தண்ணி விட்டுப் பாருங்க. ஐஸ் போட்டா வாசம் அடங்கிடும், வித்தியாசம் தெரியாது. முதல் வாய் எரியும், அதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. ரெண்டாவது வாய்தான் உண்மையைச் சொல்லும். விழுங்கினதுக்கு அப்புறம் நாக்குல ஒட்டுதா, ஓடிடுச்சா, என்ன வாசம் மிச்சம் இருக்குன்னு பாருங்க. வார்த்தை எல்லாம் தேட வேணாம். "எங்க பாட்டி வீட்டுப் பரண் மாதிரி இருக்கு"ன்னு தோணினா அதுவே சரியான குறிப்பு.

தேர்ந்தெடுத்துட்டீங்கன்னா அப்புறம் உங்க இஷ்டம். எங்க ஊர்ப் புழுக்கத்துக்கு நான் சொல்றது ஹைபால், ஜப்பான்காரன் குடிக்கிற மாதிரி. உயரமான டம்ளர்ல ஐஸை நிரப்பி, 30 மில்லி விஸ்கி, அதுக்கு நாலு மடங்கு சில்லுனு சோடா, ஒரு எலுமிச்சைத் தோல். லைட் விஸ்கிக்கு இதுதான் கல்யாணம். கோலா ஊத்தாதீங்க. அப்படி ஊத்தணும்னா இவ்வளவு நேரம் நான் பேசினதே வீண், எதை வேணாலும் வாங்கலாம். தண்ணி கலக்கிறதா இருந்தா கேன் தண்ணி. கடலை ஒட்டின இடத்துல குழாய்த் தண்ணி கரிக்கும், பாவம் விஸ்கி அந்த உப்பைத் தாங்காது.

சைடிஷ் பத்தி ஒரு வார்த்தை. சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ், மசாலா ஏத்தின வறுவல் எல்லாம் லைட் விஸ்கியை அமுக்கிடும். எங்க ஊர்ல காலையில கரைக்கு வர்ற நெத்திலியை மஞ்சளும் உப்பும் மட்டும் தடவி மொறுமொறுன்னு பொரிச்சுத் தருவாங்க, அதோட சேர்த்துப் பாருங்க. வேர்க்கடலைச் சுண்டல், வெள்ளரிக்காய், உப்புப் போட்ட கிளிமூக்கு மாங்காய், எல்லாமே ஒத்துப்போகும். வெறும் வயித்துல மட்டும் வேண்டாம். சாப்பாட்டோட குடிச்சா ரத்தத்துல ஏறுற வேகமாவது குறையும்.

இப்ப முன்னாடி பாதியில விட்ட கணக்குக்கு வர்றேன். ஒரு லார்ஜ், 60 மில்லி, 42.8 சதவீதம். அதுல சுத்த ஆல்கஹால் ஏறக்குறைய 20 கிராம். நம்ம ஈரல் ஒரு மணி நேரத்துக்குச் சுமாரா 7-லருந்து 10 கிராம் வரைக்கும்தான் கழிக்கும். காபி குடிச்சாலும் குளிச்சாலும் அது வேகமாகாது. ஒரு குவாட்டர், 180 மில்லின்னா 60 கிராம். கழிய ஆறுலருந்து எட்டரை மணி நேரம். ராத்திரி ஒரு மணிக்கு முடிச்சுட்டுக் காலையில ஏழு மணிக்கு "தூங்கி எந்திரிச்சுட்டேன், தெளிஞ்சுட்டேன்"னு பைக் எடுக்கிறவன் உடம்புல இன்னும் ஓடிட்டு இருக்கலாம். சட்டத்துல வண்டி ஓட்டுறவருக்கு 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம்தான் வரம்பு. சராசரி உடம்புக்கு ஒரே ஒரு லார்ஜ் அந்தக் கோட்டைத் தாண்டிக் கொண்டு போயிடும். முதல் தடவை மாட்டினா 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா ரெண்டும். அது மாட்டினாத்தான். மாட்டாம லாரியில மோதினவங்க கதை ஈசிஆர்ல நிறைய.

லைட் விஸ்கியில இருக்கிற கண்ணி இதுதான். கனமான விஸ்கி தானாவே உங்களை மெதுவாக்கும், ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவுல நிறுத்தும். லைட் விஸ்கி நிறுத்தாது. ஹைபால்ல போட்டா ஜூஸ் மாதிரி இறங்கும். எங்க பெரியப்பா கடலுக்குப் போனவர், சாராயக் கடையில நின்னபடியே ஒரே மடக்கு, நாக்குல உப்பு, அவ்வளவுதான். ருசியே கிடையாது, எரிச்சல்தான் கணக்கு. எரிச்சல் போதும்னு தோணினப்ப கிளம்பிடுவார். பின்னாடி கையில காசு புழங்க ஆரம்பிச்சப்ப நல்ல பிராண்டுக்கு மாறினார், "இது ஒண்ணும் பண்ணாதுடா, ஸ்மூத்தா இருக்கு"ன்னு. அளவு ரெண்டு மடங்காச்சு. அவர் ஈரல் கெட்டது சாராயத்துல இல்ல, இதுலதான்னு எங்க பெரியம்மா இன்னிக்கும் சொல்லும். டாக்டர் என்ன சொல்வாரோ, எனக்குப் பெரியம்மா கணக்கு சரின்னுதான் படுது. அதனால ஊத்துறப்ப அளந்து ஊத்துங்க. மூடியில 30, 60ன்னு அளக்கிற குப்பி நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. கண்ணால ஊத்தினா 60-ன்னு நினைக்கிறது 90 ஆயிடும்.

எங்க வாங்குறதுங்கிறதும் முக்கியம். லைசென்ஸ் உள்ள கடை, சீல் உடையாத மூடி, கலால் துறை ஸ்டிக்கர், பில். யாரோ ஒருத்தர் பாதி விலைக்கு ஸ்காட்ச் தர்றார்னா அந்த பாட்டில் மட்டும்தான் ஸ்காட்ச்சா இருக்கும். மெத்தனால் கலந்திருந்தா நாக்குக்குத் தெரியாது. எங்க ஊர்லருந்து இதே ஈசிஆர்ல வடக்கே கொஞ்ச நேரம் போனா மரக்காணம் பக்கத்துல எக்கியார்குப்பம். 2023 மே மாசம் அங்க விஷச் சாராயத்துல பத்துக்கு மேல உயிர் போச்சு. எங்களை மாதிரியே மீன்பிடிக்கிற ஊர்.

கடைசியா, நான் சொன்ன அந்த ஊர் விஷயம். பாண்டிச்சேரிங்கிறது ஒரே துண்டு நிலம் இல்ல. பிரெஞ்சுக்காரனும் பிரிட்டிஷ்காரனும் பிரிச்சுக்கிட்ட விதத்துல துண்டு துண்டா கிடக்குது. பிள்ளைச்சாவடியும் காலாப்பட்டும் புதுச்சேரி. ஆனா இங்கருந்து டவுனுக்குப் போற வழியில பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் ரெண்டும் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். அதைத் தாண்டினா முத்தியால்பேட்டை, திரும்பப் புதுச்சேரி. சரியா பத்து கிலோமீட்டர் கூட இல்லாத தூரத்துல ரெண்டு தடவை எல்லை மாறும். பாட்டில்ல "புதுச்சேரியில் விற்பனைக்கு மட்டும்"னு இருக்கும். அதோட தமிழ்நாட்டு ரோட்டுல மாட்டினா மதுவிலக்கு கேஸ். "சார், நாங்க பாண்டியிலருந்து பாண்டிக்குத்தான் போறோம்"னு செக்போஸ்ட்ல விளக்குற பசங்களை நான் பார்த்திருக்கேன். அவங்க சொல்றது பொய் இல்லதான், அதுக்காக விட்டுடுவாங்கன்னு இல்ல. இன்னொண்ணு, "பாண்டி பீச் ஸ்டே"ன்னு ஆப்ல புக் பண்றீங்களே, செரினிட்டி பீச் பக்கமோ ஆரோவில் பக்கமோ இருந்தா அது பெரும்பாலும் தமிழ்நாடு. ரூம் எந்த மாநிலத்துல இருக்குன்னு முதல்ல மேப்ல பாருங்க. புதுச்சேரியில 18 வயசு ஆனா குடிக்கலாம், தமிழ்நாட்டுல 21. தம்பிக்கு 24, பிரச்சினை இல்ல. கூட வர்ற மூணு பேருக்கு எவ்வளவுன்னு தம்பி சொல்லல.

அதனால தம்பிக்கு என் யோசனை: ரூமை டவுனுக்குள்ளயே போடுங்க, நடந்து போற தூரத்துல ஒரு பார் பாருங்க. முதல் நாள் சாயங்காலம் ஆளுக்கு ரெண்டு 30 மில்லி, ஒரு ஐரிஷ், ஒரு லேசான ஸ்காட்ச். எது பிடிச்சுதோ அதுல மறுநாள் சின்ன பாட்டில். ஊர் திரும்பறப்ப மிச்சம் இருந்தா பையில வெச்சு எல்லை தாண்ட வேண்டாம், அங்கயே விட்டுட்டுப் போங்க. புதுச்சேரியில வீடு இருக்கிறவங்க மிச்சத்தை நிமிர்த்தி வைங்க, படுக்க வைக்காதீங்க, அது ஒயினுக்குத்தான். விஸ்கியில கார்க் ஊறிப் பிஞ்சுடும். வெயில் படாத அலமாரியில வெச்சா பல மாசம் தாங்கும், பாட்டில்ல கால்வாசிக்குக் கீழ போயிட்டா வாசம் சீக்கிரம் மங்கும்.

அடுத்த வாரம், இதே தம்பி வாய்ஸ் நோட்டோட பின்பாதியில கேட்ட கேள்வி: பீர் குடிச்சா ஏன் வயிறு உப்புது? உங்க ஊர்ல நெத்திலியை எப்படிப் பொரிக்கிறாங்கன்னு கமெண்ட்ல எழுதுங்க. வர்றேன் மக்களே.